தென்னாற்காட்டில் என்ஜின் எண்ணெய் சென்ற வழி

கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னாற்காடு மாவட்டம் நிலக்கடலைக்கும், நெல்லிக்குப்பத்து ஆலையை நம்பிய கரும்புக்கும் பெயர்பெற்றது. ஆகவே இம்மாவட்டத்தில் என்ஜினின் வரலாற்றைக் காரிலிருந்து தொடங்குவதைவிட, நீர் இறைத்த ஆயில் என்ஜினிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண அரசின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்டன் ஆயில் என்ஜினோடு பம்பை இணைத்துக் கிணற்று நீரை இறைக்கும் முறையைச் சோதித்துப் பரப்பியதோடு, 1907இல் இறைவைப் பாசனம் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

மெதுவாகச் சுழன்ற அந்த என்ஜின்களில் உயவு, அதாவது உராயும் உலோகப் பரப்புகளுக்கிடையே எண்ணெய்ப் படலத்தை நிறுத்தும் ஏற்பாடு, பெரும்பாலும் கண்முன்னே நடந்தது. சிலிண்டரின் மேலிருந்த கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்க, என்ஜினை ஓட்டுபவர் திருகைச் சற்றே திருப்பிச் சொட்டின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது.

1950களின் இறுதியில் வந்து, பின்னர் தமிழகத்து வாடகைக் கார் நிறுத்தங்களையெல்லாம் நிரப்பிய அம்பாசிடர் காரில் இந்த நிலை மாறியிருந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவமான அக்காரில் பின்னர் இடம்பெற்ற 1489 சிசி என்ஜினில், அடியிலுள்ள சம்ப் எனும் தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக மெயின் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு செலுத்தியதால், எண்ணெய் கண்ணுக்கு மறைந்தது. அதன் நிலையைச் சொல்லப் பிரஷர் கேஜ் தேவைப்பட்டது. பழைய வகைக் கேஜ் 1849இல் பாரிஸில் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் முறையைச் சார்ந்தது. அழுத்தம் ஏறும்போது வளைந்த குழாய் நிமிர முயன்று முள்ளை நகர்த்துவதால், சுடும் எண்ணெயே ஒரு மெல்லிய குழாயில் ஓட்டுநரின் முன்பலகை வரை வர வேண்டியிருந்தது.

இறக்கிப் பழுதுபார்த்த என்ஜினை மீண்டும் ஏற்றும்போது மெக்கானிக்கின் திறமை வெளிப்படுவது பேரிங் வேலையில் மட்டுமன்று, இந்தக் குழாயிலும்தான்; இது அற்பமாகத் தோன்றினாலும், ஓட்டத்தில் அறுந்தால் சம்ப் வற்றி என்ஜின் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மவுண்டிங்கில் அமர்ந்த என்ஜின் குலுங்க, வண்டியின் உடல் அவ்வாறு குலுங்காததால், இடையில் நெகிழும் ஹோஸ் ஒன்றோ செம்புக் குழாயில் ஓரிரு சுருளோ இருக்க வேண்டும். இடைவிடா அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும் என்பதால் அக்குழாயையும், யூனியன் இணைப்புகளில் வரும் செம்பு வாஷர்களையும் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து மீண்டும் இளக்குவது பட்டறை வழக்கம். சிவக்கக் காய்ச்சிய எஃகு தண்ணீரில் தோய்ந்தால் இறுகுவதற்கு இது நேர்மாறானது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டுக்கு எட்டாத வழியில் குழாயைக் கொண்டுசென்று, கிளிப் போட்டு, தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வைப்பதும் இதனோடு சேர்ந்ததே. கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம் செல்லும் கரையோரத்தில் உப்புக்காற்று இரும்புக் கிளிப்புகளை விரைவில் அரிக்கும் என்பதால், அங்கே ஓடிய வண்டிகளில் பழைய கிளிப்பை மீண்டும் மாட்டுவது சிக்கனமாகாது. இணைப்பு என்ஜினின் பின்புறத் தடுப்புத் தகட்டை ஒட்டி அமையுமானால், என்ஜின் இருக்கையில் இறங்குவதற்கு முன்பே ஹோஸை மாட்டிவிடுவது நல்லது, பிறகு கை நுழையாது.

மின் சுவிட்சும் எச்சரிக்கை விளக்கும் வந்தபின் முன்பலகைக்கு எண்ணெய் செல்லும் தேவை ஒழிந்தது. 2014இல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. எஞ்சிய பழைய வண்டிகளைச் சீரமைப்போர், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சுழற்றி, கேஜின் முள் எழுவதைக் கண்டபின்பே முதல்முறை ஸ்டார்ட் செய்கின்றனர்.