மெய்நிகர் உலகில் அலுவலகப் பணி: புனே

பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, தமக்கென ஓர் உருவம் எடுத்து, நடமாடிப் பேசி, பொருட்களைத் தொட்டு நகர்த்தக்கூடிய முப்பரிமாணக் கணினி வெளியை மெய்நிகர் உலகம் என்கிறோம். எல்லோரும் வெளியேறிய பிறகும் அந்த வெளி விட்டது விட்டபடி இருக்கும். மறுநாள் வருபவர் அங்கிருந்தே தொடரலாம். வணிகமும் அலுவலகமும் அதற்குள் குடியேறிய வரலாற்றை அமெரிக்காவில் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த செகண்ட் லைஃபிலிருந்து தொடங்குவது வழக்கம். புனே நகரத்தை வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கடல் கடந்து கூடி வேலை செய்வதையே பிழைப்பாகக் கொண்ட நகரம் அது. அங்கே நிலைத்து நின்ற மெய்நிகர் வெளிகளை ஆராய்ந்தால் ஒன்று தெளிவாகிறது: செய்யப்படும் பொருள் நடுவில் இருந்த இடங்களில் அவை வேரூன்றின, ஆட்களின் உருவங்களை மட்டும் கூட்டி வைத்த இடங்களில் வாடிப்போயின.

இன்ஃபோசிஸ் நிறுவனம் 1981-இல் ஏழு பொறியாளர்களால், 10,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கப்பட்டது புனேயில்தான். முதல் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தார். சொந்தக் கணினி புனேயில் இல்லாததால் நிறுவனர்களில் பலர் அமெரிக்கா போய்த்தான் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. இரண்டாண்டுகளில் நிறுவனம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. 1986-இல் மகிந்திரா குழுமமும் பிரிட்டிஷ் டெலிகாமும் கூட்டாக ஒரு நிறுவனம் அமைத்தன. இன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் டெக் மகிந்திராவின் தொடக்கம் அது. 1990-இல் இந்திய அரசின் முதல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைந்த ஊர்களில் பெங்களூரு, புவனேசுவரத்தோடு புனேயும் ஒன்று. விநாடிக்கு 64 கிலோபிட் தரவு கடத்தும் செயற்கைக்கோள் இணைப்பு அன்று பெருஞ்செல்வம். அந்த மெல்லிய இழை வழியே பொறியாளர் அனுப்பியது தன் முகத்தையோ குரலையோ அல்ல, நிரலை. அனுப்பும் பொருள் சரியாக இருந்தால் அனுப்புபவர் எந்த ஊரில் இருந்தாலும் வேலை நடக்கும் என்ற பாடத்தைப் புனே அப்போதே கற்றுக்கொண்டது.

மோட்டார் தொழில் இந்தப் பாடத்தை மேலும் ஆழமாக்கியது. டாடா மோட்டார்ஸ், டெல்கோ என்ற பெயரில் இருந்தபோது 1966-இல் தன் பொறியியல் ஆராய்ச்சி மையத்தைப் புனேயில் நிறுவியது. 1998-இல் வெளிவந்த இண்டிகா காரின் தோற்றத்தை இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து உருவாக்கியது அந்த மையம். நிரலை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்க முடியும். ஒரு கதவின் வளைவை அப்படிப் படிக்க இயலாது, அதைச் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். முதல் முறையாக 1994-இல் பறந்த போயிங் 777 விமானத்தை, பிரான்ஸின் தசோ சிஸ்டம்ஸ் உருவாக்கிய கேட்டியா மென்பொருளில் முழுவதுமாகத் திரையிலேயே வடிவமைத்துப் பொருத்திப் பார்த்திருந்தார்கள். அதே தசோ, 2000-களின் தொடக்கத்தில் ஜியோமெட்ரிக் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, அத்தகைய மென்பொருளின் பகுதிகளை எழுதும் பெரிய கூடத்தைப் புனேயில் நடத்தியது. புனேயின் ஹிஞ்சவாடிப் பகுதியில் தலைமையகம் கொண்ட டாடா டெக்னாலஜிஸ் 2005-இல் இன்கேட் நிறுவனத்தை வாங்கியதால், டெட்ராய்ட்டிலும் பிரிட்டனிலும் உள்ள பொறியாளர்கள் புனேக்காரர்களோடு ஒரே கணினி மாதிரியின்மேல் வேலை செய்யும் நிலை வந்தது. 2008-இல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியபின் இந்தப் போக்குவரத்து இன்னும் கூடியது.

கார் மட்டும்தான் என்பதில்லை. புனேயின் வானியல் மையமான ஐயூகா, அதே ஊரின் பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸோடு சேர்ந்து மெய்நிகர் வானாய்வகம் என்ற திட்டத்தை நடத்தியது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் சேர்த்த தரவுகளை ஆய்வாளர்கள் தங்கள் மேசையிலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்க உதவும் வோபிளாட் போன்ற கருவிகள் அதிலிருந்து பிறந்தன. அங்கே யாருக்கும் உருவம் கிடையாது, நடக்கத் தரை கிடையாது. எல்லோரும் பார்க்கும் வானம் மட்டும் பொதுவாக இருந்தது, வேலைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

இதே காலத்தில்தான் உருவங்களின் அலுவலகம் உலகெங்கும் பேசப்பட்டது. ஐபிஎம் தலைவர் சாமுவேல் பால்மிசானோ 2006 நவம்பரில் பெய்ஜிங்கில் பேசியபோது, செகண்ட் லைஃபிலும் தம் உருவத்தோடு தோன்றினார். ராய்ட்டர்ஸ் அதே ஆண்டு அங்கே செய்திப் பிரிவு திறந்தது. அந்த ஆண்டுகளின் மிகச் சிறந்த கூட்டுச் செயல்பாடு எது என்று கேட்டால், நிறுவனங்கள் நடத்திய எந்த மாநாட்டையும்விட 2007 செப்டம்பர் 27 அன்று ஐபிஎம்மின் இத்தாலியத் தொழிலாளர்கள் அங்கே நடத்திய மறியலைத்தான் சொல்ல வேண்டும். ஊதியக் குறைப்பை எதிர்த்து அவர்கள் அழைப்பு விடுக்க, முப்பது நாடுகளிலிருந்து ஆதரவாளர்கள் உருவெடுத்து வந்து, செகண்ட் லைஃபில் நிறுவனத்துக்கு இருந்த தீவுகளை நிறைத்தார்கள். உடலால் ஒன்றுகூட முடியாதவர்கள் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருந்த இடத்தில் உருவம் பொருள் பெற்றது. அன்றாடக் கூட்டங்களுக்கு அந்தத் தேவை இல்லை. மேலும், நல்ல வரைகலை அட்டை இல்லாத அலுவலகக் கணினிகளில் அந்த உலகம் திணறியது. வாடிக்கையாளரின் தரவைக் காக்க இறுக்கமாகப் பூட்டிய நெருப்புச்சுவர்கள் அதை உள்ளேயே விடவில்லை. நெருப்புச்சுவருக்குள் நிறுவிக்கொள்ளும் தனிப் பதிப்பை லிண்டன் லேப் 2009-இல் கொண்டுவந்து அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டது.

உருவங்களின் அலுவலகத்துக்கு இரண்டாவது அலை கொரோனாவோடு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்குப் புனே நிறுவனங்களுக்குத் தடையாக இருந்தவற்றுள் முக்கியமானது தொழில்நுட்பத்தைவிடச் சட்டம்தான். அழைப்பு மையங்கள் உள்ளிட்ட சேவை நிறுவனங்களுக்கான தொலைத்தொடர்புத் துறை விதிகள் 2020 மார்ச்சில் தற்காலிகமாகவும் நவம்பரில் பெருமளவிலும் தளர்த்தப்பட்டன. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் பாதி ஊழியர்கள்வரை ஓராண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. அதற்குள் ஃபேஸ்புக், ஹொரைசன் வொர்க்ரூம்ஸ் என்ற மெய்நிகர் கூட்ட அறையை வெளியிட்டு மெட்டா என்று பெயரும் மாற்றிக்கொண்டது. அக்சென்சர் 60,000 தலையணிக் கருவிகளை வாங்கியது. 2022 பிப்ரவரி இறுதியில் டெக் மகிந்திரா, டெக்எம்வெர்ஸ் என்ற மெய்நிகர் உலகப் பிரிவை அறிவித்து, டாலஸ், லண்டன், ஹைதராபாத்தோடு புனேயையும் அதன் மையங்களாக்கியது. 1,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தரப்போவதாகச் சொன்ன அந்நிறுவனம், யூனியன் வங்கிக்கு மெய்நிகர் கூடம் ஒன்றையும் அமைத்துக்கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச்சில் ஆல்ட்ஸ்பேஸ் என்ற தன் மெய்நிகர் வெளியை மூடியபோது இந்த அலையும் வடியத் தொடங்கியிருந்தது.

ஏன் இரண்டு முறையும் இப்படி ஆனது? கருவி கனமாக இருந்தது, படம் தெளிவில்லை, தொழில்நுட்பம் முதிரவில்லை என்பதே வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு. மெட்டாவின் குவெஸ்ட் 2 கருவி ஏறத்தாழ அரைக் கிலோ எடை. அதை முகத்தில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் கருவி இறகுபோல் ஆனாலும் புனேயின் சிக்கல் தீராது. அந்த நகரத்துக்கும் அதன் வாடிக்கையாளர்களுக்கும் நடுவே கிடப்பது மைல்கள் மட்டுமல்ல, மணிகள். கோடைக்காலத்தில் டெட்ராய்ட்டில் காலை ஒன்பதரை என்றால் புனேயில் இரவு ஏழு. இரு தரப்பாரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் உருவங்களின் கூட்டம் கூடும். அந்தச் சுமை பெரும்பாலும் புனேயில் இருப்பவரின் இரவிலேயே விழுகிறது. மாதிரியை நடுவில் வைத்து நடக்கும் வேலை அப்படியல்ல. டெட்ராய்ட் பொறியாளர் குறித்துவைத்த பிழையைப் புனேப் பொறியாளர் காலையில் பார்த்துத் திருத்தி, மாலையில் திருப்பித் தருகிறார். எல்லோரும் போன பிறகும் விட்டது விட்டபடி இருக்கும் அந்தக் குணத்தை உண்மையில் பயன்படுத்தியது இந்த முறைதான்.

கணினி மாதிரியைப் பகிர்வதை மெய்நிகர் உலகம் என்று அழைப்பது சொல்லை நீட்டுவதாகும் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு; முதலில் சொன்ன இலக்கணத்தின்படி வோபிளாட் ஒரு மெய்நிகர் உலகமே அல்ல. ஆனால் 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த கேவ் என்ற அறை, சுவர்களெல்லாம் திரையாகி, பலர் ஒன்றாக உள்ளே நின்று ஒரு வாகனத்தைச் சுற்றிவர இடம் தருகிறது. வாகன நிறுவனங்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றன. இலக்கணத்துக்கு நெருங்கி வரும் அந்த வெளியும் பொருளைச் சுற்றியே இயங்குகிறது. இன்னொரு மறுப்பு பயிற்சி பற்றியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிய மெய்நிகர் வளாகம் உதவுகிறதே என்பார்கள். உதவுகிறது, ஒரு முறை. முதல் நாளின் வியப்பு வேலைப் பழக்கமாக மாறவில்லை என்பதைத்தான் இரு அலைகளும் காட்டின. எந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது, தீப்பிடித்தால் வெளியேறுவது போன்ற பயிற்சிகளுக்கு இந்த விடை பொருந்தாது. அங்கே மெய்நிகர் வெளியின் பயன் ஐயமற்றது, காரணம் அங்கேயும் நடுவில் ஒரு பொருளோ ஆபத்தோ இருக்கிறது.

இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒரு பக்கம் ஊழியரின் உடல். 2007-இல் உருவம் என்பது விசைப்பலகையால் ஆட்டுவிக்கும் பொம்மை. அதை ஆட்டுபவரைப் பற்றி அது அதிகம் சொல்லாது. 2022 அக்டோபரில் வந்த குவெஸ்ட் ப்ரோ போன்ற கருவிகள் கண்ணசைவையும் முக அசைவையும் அளக்கின்றன. கூட்டத்தில் யார் எதைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் தரவாக முடியும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகவும், தனக்கு இழப்பு நேராமல் காத்துக்கொள்ளவும் ஊழியரின் தரவை அவருடைய ஒப்புதல் பெறாமலே கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. ஹிஞ்சவாடியில் வேலை செய்யும் ஒருவரின் கண்ணசைவு அந்த நோக்கங்களுக்குள் அடங்குமா என்பதைச் சட்டத்தின் வாசகம் தெளிவாகச் சொல்லவில்லை.