காலடியில் ஒரு பெயர்

புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் மனிதர்களின் பெயரை நடைபாதையிலேயே பதித்து வைக்கும் ஊர்களும் உலகில் உண்டு. எல்லோருக்கும் தெரிந்தது ஹாலிவுட். 1960-ல் தொடங்கி இதுவரை 2,700-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. (சும்மா கிடைப்பதில்லை, தேர்வானவருக்காக யாராவது பெருந்தொகை கட்ட வேண்டும்!) 2002-ல் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் முறை வந்தது. நபிகளின் பெயர் தன் பெயரில் இருப்பதால் அது மிதிபடக் கூடாது என்றார் அவர். அதனால் அவருடைய நட்சத்திரம் மட்டும் சுவரில் இருக்கிறது.

ஜெர்மனியில் இதே கேள்வி இன்னும் கனமாக எழுந்தது. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் கொலோன் நகரில் 'தடுக்கும் கற்கள்' என்ற பணியைத் தொடங்கினார. நாஜிகளால் வேட்டையாடப்பட்டவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில், பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகட்டில் பெயரும் பிறந்த ஆண்டும் முடிவும் பொறிக்கப்படும். படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். 2023-ல் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. ஆனால் மியூனிக் நகர மன்றம் 2004-ல் பொது இடத்தில் இவற்றுக்குத் தடை விதித்தது. ஒருமுறை மிதிபட்டவர்களின் பெயர் மறுபடியும் மிதிபட வேண்டுமா என்று அங்குள்ள யூத சமூகத் தலைவர் சார்லட் நோப்லாக் எதிர்த்ததே முக்கியக் காரணம். 2018 முதல் அந்த ஊரில் சுவரிலும் கம்பத்திலும் பெயர்ப்பலகை வைக்கிறார்கள்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் மிதிபடுவதையே விரும்பிக் கேட்டவர்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

பழைய கோயில்கள் பலவற்றில் நடக்கும் தரைக்கல்லைக் கவனித்தால், கைகூப்பி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கும் ஆண், பெண் உருவங்கள் தெரியும். சிலவற்றின் அருகே பெயரும் இருக்கும். அடியார்களின் பாதம் தங்கள் மேல் பட வேண்டும் என்று தாங்களே செதுக்கி வைக்கச் சொன்னவர்கள் இவர்கள். பெருமாள் கோயில் கருவறை வாசற்படிக்குக் 'குலசேகரன் படி' என்று பெயர் வந்ததும் இதே ஆசையால்தான். சேர நாட்டு அரசரான குலசேகர ஆழ்வார் அந்தப் படியாகக் கிடக்க வேண்டும் என்று பாடியவர்.

இந்த எண்ணத்துக்குச் சைவத்தில் முகம் கொடுத்தவர் சுந்தரர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருநாவலூரில் பிறந்தவர். திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தில் இருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் கடந்து போனதாகவும், விறன்மிண்டர் கோபித்துக்கொண்டதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அதன் பிறகு அவர் பாடியதுதான் திருத்தொண்டத்தொகை. அடியார்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்களுக்குத் தான் அடியேன் என்று பாடிய பதிகம் அது. தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர் பாடியது என்பதுதான் இதில் விசேஷம்!

பொருத்தமோ தற்செயலோ, திருநாவலூர்க் கோயிலின் பழைய பெயரும் திருத்தொண்டீச்சரம். அதைக் கற்றளியாக்கிய சோழ இளவரசன் இராசாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே இறந்தான்.

தரையில் கிடக்கும் அந்த உருவங்களுக்கு இன்று பல இடங்களில் மூக்கும் விரல்களும் இல்லை. எழுத்துகளும் பாதி அழிந்துவிட்டன. யாரும் உடைக்கவில்லை, நடந்தே தேய்ந்தவை அவை.