மகாலைக் கட்டியவர் யார்?

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'மகாலுக்குப் போய் வந்தேன்' என்றால், அரண்மனை பார்த்து வந்ததாகப் பொருள் இல்லை. வழக்குக்கு அலைந்து வந்ததாகவே பொருள். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் நடந்தது. போடிநாயக்கனூர் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. கொட்டகுடி ஆற்றுப் பாசன வயலொன்றின் வரப்பு வழக்குக்காக என் பாட்டனார் பல முறை அங்கே நடந்தார். தீர்ப்பு எப்படி வந்தது என்பதை அவர் ஒருபோதும் விரித்துச் சொன்னதில்லை. தூணைப் பற்றி மட்டும் ஓயாமல் சொல்வார். "மூன்று பேர் கை கோத்தாலும் அடங்காதடா, அதன் நிழலில் உட்கார்ந்தால் வாய்தா போனதுகூடத் தெரியாது" என்பார்.

அண்மையில் ஓர் உறவினர் திருமணத்திற்காக மதுரை செல்ல நேர்ந்தது. 1928-இல் போடிக்கு வந்த இரயில் 2010-இறுதியில் நின்று, அகலப் பாதையாகி, 2023-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதில் மாலையில் புறப்பட்டேன். ஏலமலை பின்னால் நீலமாகத் தேய, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி கடந்து மதுரை சேர்ந்தேன். மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும், பாட்டனாரின் தூணைப் பார்க்க மகாலுக்குச் சென்றேன்.

அங்கே வழிகாட்டி ஒருவர் ஒரு குழுவினரிடம், "இதைக் கட்டியவர் இத்தாலி நாட்டுச் சிற்பி" என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். "பெயர் தெரியாது; ஆனால் இத்தாலியர்" என்றார். அந்த விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அரண்மனையின் வரலாறு

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். தலைநகரைத் திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு மாற்றிய அவர், 1636-ஆம் ஆண்டையொட்டி இவ்வரண்மனையை எழுப்பினார். இதற்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்பது மதுரையின் மரபுவழிச் செய்தி. சொர்க்க விலாசம், அரங்க விலாசம் என இரு பெரும் பகுதிகளாக அரண்மனை விளங்கிற்று. இன்று நாம் காண்பது சொர்க்க விலாசமும் அதையடுத்த நாடக சாலையும் மட்டுமே. முழு அரண்மனையில் இது கால் பங்கு என்பர். ஏறக்குறைய 75 மீட்டர் நீளமுள்ள முற்றம். அதைச் சூழ 40 அடி உயரத் தூண்கள். அவற்றை இணைக்கும் இதழ் வளைவுகள். மேலே, மரச்சட்டம் ஒன்றும் தாங்காமல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டே நிற்கும் கவிமாடம்.

இவ்வளவு பெரிய மனையைச் சிதைத்தவர் அந்நியர் அல்லர். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கரே, தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, இங்கிருந்த வேலைப்பாடுகளைப் பெயர்த்துச் சென்றார் என்பர். 1792-இல் மதுரை வந்த ஆங்கில ஓவியர்களான டேனியல் இருவரும் வரைந்தவை, பாழ்பட்ட அரண்மனையின் காட்சிகள். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிட்டால் எஞ்சிய கால் பங்கும் நமக்குக் கிட்டியிராது. அரண்மனையின் எல்லை எதுவரை பரந்திருந்தது என்பதற்குச் சான்றாக, இன்றைய கட்டடத்திற்கு வெளியே, கடைகளுக்கு நடுவே, பத்துத் தூண் சந்தில் பத்துத் தூண்கள் தனித்து நிற்கின்றன.

இத்தாலியர் வந்தாரா?

வழிகாட்டியின் கூற்றை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் இத்தாலியர் ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தார். 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி அவர். காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டார். அரண்மனை எழுந்த சில ஆண்டுகளுக்குள், 1640-இல், இதே மதுரையில் சிறையிலும் இருந்தார். அவர் கட்டியது தமிழ் உரைநடை. உரைநடை நூல்கள் அருகியிருந்த காலத்தில் ஞானோபதேசம் முதலியவற்றை எழுதினார். அவருக்குப் பின் வந்த இத்தாலியர் வீரமாமுனிவர், 3,615 பாடல்களில் தேம்பாவணியைக் கட்டினார். இத்தாலியர் தமிழுக்கு எழுப்பிய மாளிகைகள் இவை. இவற்றைக் கட்டியவர்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, காலம் உண்டு.

மகாலைக் கட்டிய இத்தாலியர்க்கோ இம்மூன்றும் இல்லை. கட்டடத்தையே சான்றாகக் கேட்போம். உருண்டு திரண்ட அத்தூண்களில் ஐரோப்பியச் சாயல் இருப்பதாகக் கருதுவோர் உளர். கோவாவிலும் கடற்கரைகளிலும் போர்த்துக்கீசியர் தேவாலயங்கள் எழுப்பிய பின், அச்சாயல் மதுரைக்கு எட்டியிருக்கக்கூடும். ஆனால் இதழ் வளைவும் கவிமாடமும் கடல் கடந்து வர வேண்டியதில்லை. தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களில் பயின்று, விசயநகரத்தில் கலந்து, ஹம்பியின் தாமரை மகாலில் முன்பே இதழ் விரித்தவை அவை. விசயநகரத்தின் வழிவந்த நாயக்கர்க்கு அது தாய்வீட்டுச் சீதனம். யாளியும் சுதை உருவங்களுமோ நம் கோயில் கொத்தர்களின் கைவரிசை. ஆகவே, ஒரு தனி அந்நியரைக் கற்பித்துக்கொள்ளத் தேவை எழவில்லை என்பதே என் துணிபு.

பின் ஏன் அக்கதை நிலைத்தது? கட்டியவர் பெயரை எழுதி வைக்காத வெற்றிடத்தில்தான் கதை குடிபுகுகிறது. மன்னன் பெயர் இருக்கிறது. மண் சுமந்தவர், காரை அரைத்தவர், அவ்வளைவை மனத்தில் வரைந்த தலைமைக் கொத்தர் ஆகியோர் பெயர் இல்லை. ஆள் தெரியாத அருஞ்செயலுக்கு நாமே ஓர் அயலாரைத் தேடித் தந்துவிட்டோம்.

இதில் ஒரு முரணும் உண்டு. மதுரைக் கோட்டையின் கொத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாளையத்தின் காவலில் இருந்தன என்பது மரபு. எழுபத்திரண்டு பாளையங்களுள் எங்கள் போடியும் ஒன்று. அக்கோட்டை கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டபோது, அவ்வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயர் இன்றும் வீதிப் பெயராக வழங்குகிறது. இடித்தவர் பெயர் நிற்கிறது. கட்டியவர் பெயர் மறைந்தது.

நாம் செய்யத்தக்கது

பாளையங்களின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்குச் சென்றது என்பர். அப்படியாயின் அந்த முற்றத்தில் எங்கள் மலையடிவார விளைச்சலும் கலந்திருக்கிறது. பாட்டனார் தூணில் சாய்ந்து வாய்தாவுக்குக் காத்திருந்தபோது, தம் முன்னோர் செலுத்திய திறையின்மேல்தான் சாய்ந்திருந்தார் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். போடியிலும் ஒரு ஜமீன் அரண்மனை உண்டு. அதன் சுவரைப் பூசியவர், கதவைச் செதுக்கியவர் வழிவந்தோர் ஊரில் யாரேனும் இருப்பர். கொட்டகுடிப் பாதையில் பொதி சுமந்தவரையும், ஏலக் காட்டில் முதல் குழி வெட்டியவரையும் நினைவுகூரும் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். கவிதை பாடுவது போலவே பெயர் குறிப்பதும் நம் கடன். நாளை ஒருவர் நம் மலைச்சரிவில் நின்று, "இதைச் செய்தவர் யாரோ வெளியூரார்" என்று சொல்லாதிருக்க அதுவே வழி.