மூன்று பருவத்தார்க்கு ஒரு கச்சேரி

இருபது வயதில் விரைந்து பாயும் சுரக்கோவையில் மயங்கும் செவி, அறுபது வயதில் மெல்லச் செல்லும் ஒரு கீர்த்தனையில் அமைதி காண்கிறது. வயதோடு சுவை மாறுவது இயல்பேயாம். ஆனால் கச்சேரி மண்டபத்தில் இருபதும் நாற்பதும் அறுபதும் ஒன்றாகவே அமர்ந்திருக்கின்றன. அவர்கள் அனைவரையும் பாடகர் எவ்வாறு கவர்வது? இவ்வினாவிற்குத் தமிழ்நாட்டின் இசை வரலாறு நல்லதொரு விடை தந்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசைவாணரைப் புரந்தவர்கள் மன்னர்களும் சமீன்தார்களும் ஆவர். அவர்தம் அவையில் கேட்போர் சிலரே; அவருள்ளும் பலர் இசையறிந்தோர். ஆதலின், ஒரு பல்லவியையே பல மணி நேரம் விரித்துப் பாடுதல் இயன்றது. பின்னர்ச் சென்னையில் சபைகள் தோன்றின. 1928ஆம் ஆண்டில் சங்கீத வித்துவத் சபையும் நிறுவப்பெற்றது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், மாணவர்கள், இல்லத்தரசியர். மறுநாட் காலையில் அவரவர் கடமை அவரவர்க்குக் காத்திருந்தது. பழைய முறையையே பற்றி நின்றால் அவை கலையும். அவை விரும்பியதை மட்டுமே பாடினால் கலை மெலியும். இவ்விரு இடர்களுக்கும் இடையே வழி கண்டவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்.

1890ஆம் ஆண்டில் காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் பிறந்த இவர், பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் இசை பயின்றவர். முதலில் ஒரு வர்ணம். அடுத்து மத்திம கால நடையில் சில கீர்த்தனைகள். நடுவே விரிவான இராக ஆலாபனை. பின் அளவோடு ஒரு பல்லவி. இறுதியில் எளிய துக்கடாக்கள் என நிகழ்ச்சியை அவர் வகுத்தார். இளைஞர்க்கு விறுவிறுப்பும், முதிர்ந்தோர்க்கு ஆழமும், பாட்டியர்க்குப் பழகிய பக்திப் பாடலும் ஒரே மாலையில் கிட்டின. திருப்பாவைப் பாடல்கள் முப்பதிற்கும் இசை அமைத்து மேடைக்குக் கொணர்ந்தவரும் அவரே. பல்லவியை அவர் கைவிடவில்லை. அதற்கு ஓர் எல்லை வகுத்தார். அம்முறையே பெரும்பாலும் இன்றளவும் மேடைகளில் நிலவுகிறது.

இளைஞரைப் பெரிதும் ஈர்த்த மற்றொருவர் ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965). ஆங்கில இலக்கியம் பயின்ற பட்டதாரி, திரைப்படங்களிலும் நடித்தவர். மின்னலென விரையும் அவருடைய பிருகாக்கள் மாணவர் கூட்டத்தை மண்டபத்திற்கு அழைத்து வந்தன. அவ்வாறு வந்தவர்களுக்கு விரிவான இராக ஆலாபனையையும் அவர் வழங்கினார். விருப்பமானதைக் கேட்க வந்தோர், அறியாததையும் கேட்டுச் சென்றனர்.

வானொலியும் இப்பாடத்தைக் கற்றது. சென்னை நிலையம் 1938இல் அகில இந்திய வானொலியின் கீழ் தொடங்கியது. 1952இல் திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டபோது நேயர் பலர் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் ‘விவித பாரதி’ பிறந்தது. சுவையைக் கட்டளையால் மாற்ற இயலாது என்பதற்கு இது சான்று.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. முறைநேர வேலை பார்ப்போர் மயிலாப்பூர்ச் சபைக்குச் சென்று இரவு வரை அமர்தல் எளிதோ? அத்தகையோர்க்கு வானொலியின் அரைமணி நேரக் கச்சேரியே சபையாயிற்று.

இப்பகுதிக்கு இசை புதியதன்று. பாடியிலுள்ள திருவலிதாயத்தைத் திருஞானசம்பந்தரும், ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலைச் சுந்தரரும் பாடியுள்ளனர். ஓதுவார் அப்பதிகங்களைப் பண்ணோடு பாடுங்கால், சிறுவன் இன்னோசையைக் கேட்கிறான். முதியவர் அதிலேயே தம் வாழ்வின் பொருளைக் கேட்கிறார். பாட்டு ஒன்றே, செவியே வளர்ந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே, இன்று உங்களுக்குச் சுவைக்காத பாட்டைப் பழித்துத் தள்ளிவிடாதீர்கள். நாளை உங்கள் செவி அதனைத் தேடி வரலாம். அந்நாள் வரை அதனை அழியாது காத்து, இன்றைய செவிக்கும் விருந்தளிப்பவரே சிறந்த இசைவாணர்.