காத்திருப்பின் வரலாறு

சூலகக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சையின் வரலாறு ஒரு குதிரைப் பயணத்துடன் ஆரம்பமாகிறது. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டொட் குரோஃபோர்ட் என்ற பெண் ஏறத்தாழ 60 மைல் தூரம் குதிரையில் சென்று டான்வில் என்ற சிற்றூரை அடைந்தார். அவரது வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருப்பதாகவே முதலில் நம்பப்பட்டது. அது சூலகக் கட்டி என்று கண்டறிந்தவர் எஃப்ரைம் மக்டோவல் என்ற வைத்தியர். தாம் செய்யவிருப்பது ஒரு பரீட்சார்த்த முயற்சி, உயிராபத்து நிறைந்தது என்பதை அவர் அந்தப் பெண்ணிடமே எடுத்துச் சொன்னார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. சுமார் 25 நிமிடங்களில், 22 இறாத்தலுக்கும் அதிகமான எடையுடைய கட்டி அகற்றப்பட்டது. அந்தப் பெண் அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வைத்திய நூல்கள் இதனை அறுவைச் சிகிச்சையின் வெற்றியாகப் பதிவு செய்கின்றன. எனக்கோ இன்னொரு விடயமே முக்கியமாகப் படுகிறது. உண்மை நோயாளியிடம் சொல்லப்பட்டது. முடிவையும் அவரே எடுத்தார்.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின்மீது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது கைக்குழந்தையாக இருந்தவர் என் தாயார். எண்பதைக் கடந்த அவரது வயிறு சில மாதங்களாக ஊதிக்கொண்டு வந்தது. உணவு செல்லவில்லை. வாய்வு என்றே எல்லோரும் எண்ணினோம். ஸ்கானில் இடது சூலகத்தில் ஒரு கட்டி தென்பட்டது. வைத்தியர் என்னை மட்டும் வெளியே அழைத்து விளக்கினார். கனடாவில் இருக்கும் தம்பி, "அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் அண்ணா" என்று தொலைபேசியில் மன்றாடினான். அன்றிரவு அம்மாவே கேட்டார்: "தம்பி, எல்லாரும் ஏன் என்ர முகத்தைப் பாக்காமக் கதைக்கிறீங்கள்?"

சொல்லிவிட்டேன். கட்டி இருக்கிறது, அது என்ன கட்டி என்று இன்னும் தெரியாது, தெரிய வரும்போது முதலில் உங்களிடமே சொல்வேன் என்றேன். அவர் அழவில்லை. இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்றுதான் கேட்டார்.

அந்தப் பரிசோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. சி.ஏ. 125 எனப்படும் புரதத்தை இனங்காணும் வழியை ரொபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரது குழுவினரும் 1981இல் வெளியிட்டனர். 1983இல் வெளியான அவர்களது ஆய்வில், சூலகப் புற்றுநோயாளர் 101 பேரில் 82 வீதமானோருக்கு அதன் அளவு 35 அலகுகளுக்கு மேல் இருந்தது. நலமாயிருந்த 888 பேரில் ஒரு வீதமானோருக்கே அவ்வாறு இருந்தது. இந்த எண்களைக் கேட்டால் ஐயத்துக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் வயிற்றறைக் காசநோய், கருப்பைக் கட்டி, ஈரல் நோய், இருதயப் பலவீனம் ஆகியவற்றிலும் இது உயரக்கூடும். புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்திலோ ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர்வதே இல்லை. மாதவிடாய் நின்றபின் உயர்ந்தால் வைத்தியர்கள் அதிக கவனம் செலுத்துவர் என்பது உண்மைதான். இருந்தும் அந்த எண் தீர்ப்பாகாது.

அப்படியாயின் உடனே ஊசியால் குத்திப் பார்த்தால் என்ன? உறவினர் பலர் கேட்ட கேள்வி இது. சூலகத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டியைக் குத்தினால் புற்றுக் கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தக்கூடும். ஆகவே பெரும்பாலும் கட்டியை முழுதாக அகற்றிய பின்பே, அதனை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். அதற்குப் பல நாட்கள் செல்லும். இந்தத் தாமதம் எல்லாம் அலட்சியத்தால் வருவதல்ல என்று அறிந்ததே எங்கள் வீட்டில் பாதிக் கலக்கத்தைத் தணித்தது.

கப்பலுக்காகக் காத்திருந்து பழகிய ஊர் எங்களுடையது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் அமைத்திருந்த இவ்வூரின் நோயாளர், புற்றுநோய்ச் சிகிச்சை என்றதும் நெடுங்காலம் மகரகமவையே நினைத்தனர். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இலங்கையின் இரு முனைகளையும் இணைத்து 2011இல் நடந்த நடைபயணத்தில் திரட்டிய நிதியால் உருவான தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. மகரகம வைத்தியசாலைக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். சிங்களத்தில் அதன் பொருள் எதிர்பார்ப்பு.

தூரத்தைவிடப் பெரிய தடை மொழி. பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. அதைப் படிப்பவர் மகனோ மகளோ. நோய்க்கு உரியவருக்குக் கிடைப்பது பிள்ளைகள் வடிகட்டிய மிச்சமே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இதனை அன்றே உணர்ந்திருந்தார் எனலாம். மானிப்பாயில் 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் தந்தார். தம்மிடம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி அகலாமல் தம் மக்களிடையே வாழ வேண்டும் என்பது அவரது நோக்கம். உடலின் உள்ளுறுப்புகள் பற்றித் தமிழில் பேசலாம் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நிறுவப்பட்டாயிற்று. சூலகம் என்ற சொல்லைத் தாயின் முன் உச்சரிக்க நாம் இன்னும் கூச்சப்படுகிறோம்.

காத்திருக்கும் நாட்களில் பிள்ளைகள் செய்யக்கூடியவை சிலவே. வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாயிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அறிக்கைகளைத் திகதி வரிசையில் அடுக்கலாம். இணையத்தில் கண்டதையெல்லாம் அவர் காதில் போடாதிருக்கலாம். உண்ண முடிந்ததைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கேட்டால் அறிந்ததை மறைக்காமலும் அறியாததை ஊகிக்காமலும் சொல்லலாம்.

இதை எழுதும்வரை நுணுக்குக்காட்டியின் முடிவு வரவில்லை. அது எதுவாயினும் அந்தத் தாளைத் தமிழாக்கி முதலில் அம்மாவிடமே படித்துக் காட்டுவதென்று நானும் தம்பியும் உடன்பட்டிருக்கிறோம். உடல் அவருடையது, செய்தியும் அவருக்கே உரியது.