கிளியர்டைப்

கிளியர்டைப் என்பது கணினித் திரையில் எழுத்துகளைக் கூடுதல் தெளிவுடன் காட்டுவதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் ஆகும். எல்சிடி திரையின் ஒவ்வொரு படவணுவும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று குறும்பட்டைகளால் ஆனது. படவணுவை ஒரே புள்ளியாகக் கருதாமல், இப்பட்டைகளைத் தனித்தனியே கையாண்டு எழுத்தின் விளிம்பை நுண்மையாக வரைவதே இதன் அடிப்படை. 1998ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இத்தொழில்நுட்பம், 2007இன் தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட ஆபிஸ் 2007, விண்டோஸ் விஸ்டா ஆகிய இரண்டிலும் இயல்பாகவே இயங்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து வெளிவந்த வேர்டு 2013 சொற்செயலி இதனைக் கைவிட்டது. பழைய பதிப்பிலிருந்து அதற்கு மாறிய பயனர்கள் பலருக்கு எழுத்துகள் மங்கித் தெரிந்ததற்கு இம்மாற்றம் ஒரு முக்கியக் காரணமாகும்.

பின்னணி

சாதாரண லேசர் அச்சுப்பொறி ஓர் அங்குலத்தில் 600 புள்ளிகளை இடுகிறது. விண்டோஸ் இயங்குதளமோ நெடுங்காலமாக ஓர் அங்குலத்துக்கு 96 படவணுக்கள் என்ற கணக்கிலேயே திரையை அளந்து வந்தது. இக்கணக்கின்படி 11 புள்ளி அளவுள்ள எழுத்துருவுக்குத் திரையில் கிடைக்கும் மொத்த உயரம் 15 படவணுக்களுக்கும் சற்றுக் குறைவு. ஆங்கிலச் சிற்றெழுத்தான எக்ஸ் போன்ற ஒன்றுக்கு ஏறத்தாழ 7 படவணு உயரமே எஞ்சும். இந்தச் சிறு கட்டத்துக்குள் வளைவு, தடிமன், இடைவெளி அனைத்தையும் காட்டியாக வேண்டும்.

இதனால் ஏற்படும் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எழுத்துருவின் வடிவமைப்பின்படி ஒரு செங்குத்துக் கோடு ஒன்றேகால் படவணுவைவிடச் சற்று மிகுந்து, அதாவது நான்கை மூன்றால் வகுத்த அளவு, தடிமன் உடையது எனக் கொள்வோம். கறுப்பு வெள்ளையில் மட்டும் வரையும் முறையில் கணினிக்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒரு படவணுவாக வரைந்தால் கோடு 25 விழுக்காடு மெலிந்துவிடும்; இரண்டு படவணுக்களாக வரைந்தால் 50 விழுக்காடு தடித்துவிடும். எழுத்து சற்றுப் பெரிதாகும்போது அதன் கோடுகள் திடீரெனத் தடித்து விடுவதற்கும், ஒரே சொல்லினுள் எழுத்து இடைவெளிகள் ஏற்றத்தாழ்வாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

விளிம்பில் உள்ள படவணுக்களுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறச் சாயலைக் கொடுப்பது இதற்கான பழைய தீர்வு. படிக்கட்டு போன்ற விளிம்பு இதனால் மறைகிறது. ஆனால் மெல்லிய கோடு முழுக் கறுப்பாக இல்லாமல் இரண்டு சாம்பல் பட்டைகளாகிவிடுவதால், சிறிய எழுத்துகளில் கூர்மை குன்றுகிறது.

செயல்படும் விதம்

எல்சிடி திரையில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுத்தடுத்து நிற்கின்றன. இவை துணைப்படவணுக்கள் எனப்படும். ஒரு வரியில் 1024 படவணுக்கள் உள்ள திரையில் உண்மையில் 3072 துணைப்படவணுக்கள் உள்ளன. கிளியர்டைப் எழுத்தின் வடிவத்தை முதலில் இந்த மும்மடங்கு நுண்மையான கட்டத்தில் கணக்கிடுகிறது. பின்னர் ஒவ்வொரு பட்டையும் எழுத்தினுள் அடங்குகிறதா, வெளியே உள்ளதா என்பதைப் பொறுத்து அதன் ஒளியைக் குறைக்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கூறிய கோட்டை நான்கு பட்டைகளை அணைத்துச் சரியான தடிமனில் காட்டிவிடலாம். அக்கோடு ஒரு படவணுவின் நடுவிலிருந்தும் தொடங்கலாம் என்பதால் எழுத்துகளுக்கு இடையிலான தொலைவையும் வடிவமைப்பாளர் எண்ணியபடி பேண இயலும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வெள்ளைப் பின்னணியில் ஒரு படவணுவின் சிவப்புப் பட்டையை மட்டும் அணைத்தால் எஞ்சுவது பச்சையும் நீலமும் கலந்த நிறமாகும். எனவே எழுத்துகளின் ஓரங்களில் நிறக்கசிவு தோன்றுகிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுண்மையாக உணர்வதில்லை என்பதைப் பயன்படுத்தி இது சமாளிக்கப்படுகிறது. ஒரு பட்டையில் செய்ய வேண்டிய மாற்றத்தை அதன் அண்டைப் பட்டைகளுக்கும் சிறிது பகிர்ந்தளித்தால் நிறங்கள் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். இப்பகிர்வு மிகுந்தால் எழுத்து மங்கும். குறைந்தால் நிறம் உறுத்தும். இவ்விரண்டுக்கும் இடையே சிறந்த சமநிலையைக் கணக்கிடும் முறையை மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜான் பிளாட் முதலியோர் 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர். படவணுவை மூன்றாகப் பிரிக்கும் எண்ணத்தைவிட, இவ்வடிகட்டலே தொழில்நுட்பத்தின் கடினமான பகுதி எனலாம்.

கிளியர்டைப் முறையில் வரையப்பட்ட சொல் ஒன்றைத் திரைப்பிடிப்பு செய்து பெரிதாக்கிப் பார்த்தால் இந்நிறங்கள் வெளிப்படையாகத் தெரியும். அத்தகைய படத்தை அளவு மாற்றினாலோ, நூலில் அச்சிட்டாலோ எழுத்துகளைச் சுற்றி நிறக்கசிவு தோன்றுவது இதனால்தான். மென்பொருள் கையேடு எழுதுவோர் திரைப்பிடிப்புக்கு முன் கிளியர்டைப்பை நிறுத்தி வைப்பது நல்லது.

வரலாறு

1998 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் இத்தொழில்நுட்பத்தை அறிவித்தார். மின்னூல் வாசிப்பே அப்போதைய இலக்காக இருந்தது. இதன் உருவாக்கத்தில் பில் ஹில், பெர்ட் கீலி ஆகியோரின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2000ஆம் ஆண்டில் வெளியான மைக்ரோசாப்ட் ரீடர் என்னும் மின்னூல் செயலியில் இது முதலில் இடம்பெற்றது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியில் சேர்க்கப்பட்டபோதும் இயல்பாக அது அணைக்கப்பட்டே இருந்தது. மேசைக் கணினிகளில் அந்நாளில் பெருவாரியாக இருந்த கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரைகளில் படவணுவுக்கும் வண்ணப் புள்ளிக்கும் இத்தகைய நேரடிப் பொருத்தம் இல்லை என்பதால், அங்கு இதன் முழுப் பயன் கிடைப்பதில்லை. 2006இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7, இயங்குதள அமைப்பு எவ்வாறு இருந்தாலும் வலைப்பக்கங்களைக் கிளியர்டைப் முறையிலேயே காட்டத் தொடங்கியது.

அறிவிப்பு வெளியான உடனேயே இது புதிய கண்டுபிடிப்புத்தானா என்ற விவாதம் எழுந்தது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் ஸ்டீவ் வாஸ்னியாக் வண்ணத் தொலைக்காட்சிக் குறிகையின் இயல்பைப் பயன்படுத்திக் கிடைமட்ட நுண்மையைக் கூட்டியிருந்ததை ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர் சுட்டிக்காட்டினார். நிறத்தை விட்டுக்கொடுத்து நுண்மையைப் பெறுதல் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. எனினும் எல்சிடி பட்டைகளுக்கான வடிகட்டலும், எழுத்துரு வடிவங்களை அதற்கேற்ப இசைவித்தலும் ஆப்பிள் 2இல் இருந்தவை அல்ல.

ஆபிஸ் 2007

ஆபிஸ் 2007இல் கிளியர்டைப் வெறும் அமைப்புத் தெரிவாக வரவில்லை. எழுத்துருக்களோடு சேர்ந்து வந்தது. கலிப்ரி, கேம்பிரியா, கேண்டாரா, கன்சோலாஸ், கான்ஸ்டான்ஷியா, கார்பெல் என்னும் ஆறு எழுத்துருக் குடும்பங்கள் இத்தொழில்நுட்பத்தைக் கருத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டவை. இவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அனைத்தும் சி என்ற எழுத்தில் தொடங்குகின்றன. இவற்றுள் கலிப்ரி, கன்சோலாஸ் ஆகிய இரண்டையும் வடிவமைத்தவர் லூக்காஸ் டி குரூட். வேர்டு சொற்செயலியில் அதுவரை இயல்பான எழுத்துருவாக இருந்த டைம்ஸ் நியூ ரோமனின் இடத்தைக் கலிப்ரி பிடித்தது. இயல்பான அளவும் 12 புள்ளியிலிருந்து 11 புள்ளியாகக் குறைந்தது. 2023இல் ஆப்டோஸ் எழுத்துரு அதனை மாற்றீடு செய்யும் வரை கலிப்ரி அவ்விடத்தில் நீடித்தது.

கலிப்ரியின் கோடுகளின் முனைகள் மெல்ல உருண்டவை. கிளியர்டைப் இன்றிச் சிறிய அளவில் அவ்வுருட்சியைக் காட்டப் போதிய படவணுக்கள் கிடையா. எழுத்துகள் சிதைந்து தெரியும். விண்டோஸ் எக்ஸ்பியில் ஆபிஸ் 2007ஐ நிறுவியவர்களுக்கும் எழுத்துரு சரியாகத் தெரிய வேண்டும் என்பதால், இயங்குதளத்தைச் சாராத தனித் தெரிவு ஒன்று வேர்டு, எக்செல் முதலியவற்றில் கொடுக்கப்பட்டு, இயல்பாகவே இயக்கி வைக்கப்பட்டிருந்தது.

இதன் பயன் அளந்தும் பார்க்கப்பட்டது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் விரிதாள்களில் குறிப்பிட்ட தகவலைத் தேடினர். வேறு 25 பேர் கட்டுரைகளைப் பொருள் உணர்ந்து படித்தனர். இரண்டு பணிகளிலும் கிளியர்டைப் திரையில் வேகம் கூடியது. ஆனால் பிழைகளின் அளவிலோ கண் களைப்பிலோ வேறுபாடு காணப்படவில்லை. கண் களைப்பை நீக்கும் கருவியாக இதனைப் போற்றுவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது.

வேர்டு 2013இல் மாற்றம்

துணைப்படவணுவின் சரியான நிறத்தைக் கணக்கிட, எழுத்துக்குப் பின்னால் உள்ள நிறம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அசையாத வெள்ளைத் தாளில் இது எளிது. ஆபிஸ் 2013இல் தட்டச்சிடும்போது எழுத்துகள் வழுக்கி நகர்வது, ஒளிபுகும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அமைவது போன்ற அசைவூட்டங்கள் புகுத்தப்பட்டன. நகரும் எழுத்துக்கு ஒவ்வொரு சட்டகத்திலும் பின்னணி நிறத்தைக் கொண்டு மீண்டும் கணக்கிடுவது சுமையானது. மேலும் கைக்கணினியை 90 பாகை திருப்பினால் செங்குத்துப் பட்டைகள் கிடைப்பட்டைகளாகி, கிளியர்டைப்பின் அடிப்படையே மாறிவிடுகிறது. ஆகவே வேர்டு 2013 சாம்பல் நிறச் சாயல் முறைக்குத் திரும்பியது.

அங்குலத்துக்கு 200 படவணுக்களுக்கு மேல் கொண்ட திரைகளில் இவ்விழப்பு அரிதாகவே புலப்படும். பழைய 96 படவணுத் திரையை வைத்துக்கொண்டு நாள்முழுதும் ஆவணம் படிப்போரே இழப்பை உணர்ந்தனர். கைக்கணினிகளுக்காகச் செய்யப்பட்ட தேர்வின் விலையை மேசைக் கணினிப் பயனர்கள் கொடுத்தனர் என்பது மிகையன்று.

தமிழ் எழுத்துகள்

விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துருவும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ எழுத்துருவும் தமிழுக்கு வழங்கப்பட்டுள்ளன. கிளியர்டைப்பின் தொடக்க வடிவம் கிடைமட்ட நுண்மையை மட்டுமே கூட்டுவதால் தமிழில் அதன் பயன் எழுத்துக்கு எழுத்து மாறுபடுகிறது. ‘ன’, ‘ண’ ஆகியவை சுழிகளின் எண்ணிக்கையால் வேறுபடுபவை. குறுகிய அகலத்தில் மூன்று சுழிகளையும் பிரித்துக் காட்டுவதற்கு மும்மடங்கு கிடைமட்ட நுண்மை பெரிதும் உதவுகிறது. மாறாக, ‘ர’வையும் துணைக்காலையும் பிரித்துணர்த்தும் அடிக்கோடு, மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி, ‘ழ’கரத்தின் கீழ்வளைவு ஆகியவை செங்குத்து நுண்மையை வேண்டுபவை. விண்டோஸ் 7இல் அறிமுகமான டைரக்ட்ரைட் என்னும் வரைவு நூலகம் செங்குத்துத் திசையிலும் விளிம்பை மென்மையாக்கி இக்குறையை ஓரளவு நீக்கியது.

அமைப்பு முறைகள்

எந்த முறையைக் கையாண்டாலும் திரை அதன் இயற்பிரிதிறனில் இயங்குவது முதல் தேவை. 1920 × 1080 படவணுக்கள் கொண்ட திரையை 1366 × 768இல் இயக்கினால் மென்பொருள் கணக்கிடும் பட்டைகளும் திரையின் உண்மையான பட்டைகளும் பொருந்தா. விண்டோஸ் 7 முதல் கட்டுப்பாட்டகத்தில் உள்ள கிளியர்டைப் இசைவிப்பான் பயனருக்குச் சில மாதிரிப் பத்திகளைக் காட்டி, எது தெளிவாக உள்ளது எனத் தேர்ந்தெடுக்கச் செய்கிறது. சில திரைகளில் பட்டைகள் நீலம், பச்சை, சிவப்பு எனத் தலைகீழாக அமைந்திருப்பதாலும், நிறக்கசிவை உணரும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதாலும் இத்தேர்வு தேவையாகிறது.

இவ்விசைவிப்பான் வேர்டு 2013இன் ஆவணப் பகுதியில் மாற்றம் எதையும் செய்யாது. அங்கு மேம்பட்ட தெரிவுகளில் உள்ள வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்க்கலாம். வெவ்வேறு அடர்த்தியுள்ள இரு திரைகளை இணைத்திருப்போருக்கு, பிந்தைய பதிப்புகளின் பொதுத் தெரிவுகளில் சிறந்த தோற்றம், ஒத்திசைவு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நீண்ட ஆவணத்தைப் படிக்கும்போது பக்கத்தின் உருப்பெருக்கத்தை 120 விழுக்காடு அளவுக்குக் கூட்டினால் எழுத்துக்குக் கிடைக்கும் படவணுக்களின் எண்ணிக்கையே உயர்கிறது. பழைய திரைகளில் இதுவே எளிய வழி.

பிற இயங்குதளங்கள்

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளமும் துணைப்படவணு முறையைப் பயன்படுத்தி வந்தது. எழுத்தைப் படவணுக் கட்டத்துக்கு இசைவிக்காமல் அச்சு வடிவத்துக்கு நெருக்கமாக வரைந்ததால் அதன் எழுத்துகள் சற்றுத் தடித்துத் தெரிந்தன. 2018இல் வெளியான மொஹாவே பதிப்பில் இது கைவிடப்பட்டது. லினக்ஸ் வழங்கல்களில் பயன்படும் ஃப்ரீடைப் நூலகத்தில், மைக்ரோசாப்ட்டின் காப்புரிமைகள் காரணமாக நிறவடிகட்டல் பல ஆண்டுகள் இயல்பாக அணைக்கப்பட்டிருந்தது. 2017இல் வெளியான அதன் 2.8.1 பதிப்பு, அக்காப்புரிமைகளுக்கு உட்படாத ஹார்மனி என்னும் மாற்று முறையை அறிமுகப்படுத்தியது.