வளரும் மந்திரப் பொருள்

வளரும் மந்திரப் பொருள் என்பது மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், தன்னை வைத்திருக்கும் கதைமாந்தர் முன்னேற முன்னேறத் தானும் புதிய ஆற்றல்களைப் பெறும் வாள், கவசம், மோதிரம் போன்ற கற்பனைப் பொருள் ஆகும். இவ்விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரை ஏற்று ஆடுவார். ஆட்ட நடத்துநர் கதையுலகை விவரிப்பார். ஐயத்திற்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும்.

தேவை

1974 இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி ஆகும். இதன் 3ஆம் பதிப்பில் (2000) மந்திர ஆயுதங்கள் +1 முதல் +5 வரை தரப்படுத்தப்பட்டன. இவ்வெண் தாக்குதலுக்கான பகடை எண்ணுடன் கூட்டப்படும். +1 தரத்திற்கு 2,000 பொற்காசுகளும், +2 தரத்திற்கு 8,000 காசுகளும், +5 தரத்திற்கு 50,000 காசுகளும் கூடுதல் விலையாகும். பழைய ஆயுதத்தை விற்றால் பாதி விலையே கிடைக்கும்.

எதிரிகளின் வலிமையும் இத்தரங்களைக் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டிருந்தது. எனவே தந்தை விட்டுச்சென்ற வாளைப் பற்றுடன் வைத்திருக்கும் வீரர் பின்தங்கிவிடுவார்; விற்றுவிட்டாலோ அவ்வாளின் கதை அங்கேயே முடிந்துவிடும். வளரும் பொருட்கள் இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைகின்றன.

எர்த்டான்

ஃபாசா நிறுவனம் 1993 இல் வெளியிட்ட எர்த்டான் விளையாட்டில், கதைமாந்தர் ஒரு பொருளுடன் மந்திர இழையைப் பிணைக்கிறார். இழையின் படி உயர உயர ஆற்றலும் கூடும். உயர்படிகளை அடைய, பொருளின் பெயர், அதைச் செய்தவர் போன்ற செய்திகளைத் தேடி அறிய வேண்டும். புகழ்ப் புள்ளிகளையும் செலவிட வேண்டும். இதே புள்ளிகளே சொந்தத் திறன்களை வளர்க்கவும் பயன்படுவதால், இரண்டில் எதற்குச் செலவிடுவது என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

வெப்பன்ஸ் ஆஃப் லெகசி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்சுக்கான இத்துணைநூல் 2005 இல் வெளிவந்தது. இதில் ஆயுதத்தின் வரலாற்றை அறிந்து, பொருட்செலவுடன் சடங்குகளைச் செய்தால் அதன் ஆற்றல்கள் படிப்படியாக வெளிப்படும். ஆனால் உடைமையாளரின் தாக்குதல் திறன், உயிர்ப்புள்ளிகள் போன்றவை நிலையாகக் குறையும். ஆயுதம் வளர அதை ஏந்துபவர் மெலிவதால், பெறும் பயனைவிட இழப்பே மிகுதி என்று பல ஆட்டக்காரர்கள் குறைகூறினர்.

5ஆம் பதிப்பு

5ஆம் பதிப்பு (2014) மந்திரப் பொருட்களைக் கட்டாயமாகக் கருதவில்லை. இதற்கென 2020 இல் வெளியான எக்ஸ்புளோரர்ஸ் கைடு டு வைல்ட்மவுண்ட் நூலில் சில பொருட்களுக்கு உறக்கம், விழிப்பு, உன்னதம் என மூன்று நிலைகள் உள்ளன. புள்ளிகளைச் செலவிடுவதால் அன்றி, கதையின் திருப்புமுனைகளில் ஆட்ட நடத்துநரின் முடிவின்படியே பொருள் அடுத்த நிலையை அடைகிறது. 2021 இல் வெளியான ஃபிஸ்பான்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ் நூலிலோ, டிராகனின் புதையலில் ஊறுவதால் பொருட்கள் வலுப்பெறுகின்றன.

சமநிலை

விலையின்றி வளரும் பொருள் ஓர் ஆட்டக்காரரை மட்டும் உயர்த்திவிடும். விலை மிகுந்தால் எவரும் அதை ஏந்தமாட்டார். புள்ளிகள், உடல்வலிமை, தேடி அறிந்த வரலாறு ஆகியவற்றுள் எதை விலையாகக் கேட்பது என்பதிலேயே இவ்விதிமுறைகள் முதன்மையாக வேறுபடுகின்றன.